சலேத்தக்கா கூடப் போன பனை

செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குக் கிழக்கே, பஸ் திரும்புகிற கடைசி இடத்தில் சங்குமணல் என்றொரு ஊர் இருக்கிறது, அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பஸ்ஸுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊருக்கு ஆண்டவர் கொடுத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கரை மணல் கறுப்பாக மினுங்கும், அதை அள்ளிப்போனால் என்னென்னவோ உலோகம் பிரிக்கலாம் என்று கண்ணாடி போட்டவர்கள் ஜீப்பில் வந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள், வடக்கே உப்பளத்தில் உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்கும், தண்ணீருக்குள் முங்கினால் சங்கு, சங்கையும் தாண்டிப் போனால் பெரிய பார் என்று ஒரு கடலடிப் பாறை, அதில் விளமீனும் கலவாயும் பாரை மீனும் சந்தைக்கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு திரியும். குடிக்கத் தண்ணீர் மட்டும் கிடையாது. அதற்கு லாரி வரும்வரை குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் இந்தப் பயல்கள் நம்மை மறந்துவிடுவார்கள் என்று ஆண்டவர் நினைத்திருப்பார் போல.

ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள், சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு தடவை மண்ணுக்கு வந்தவர்கள் கரை நெடுக சிவப்புக் கொடி நட்டு, கயிறு கட்டி, இதற்கு உள்ளே யாரும் வரக்கூடாது என்று சொன்னபோது பெண்கள் விளக்குமாற்றோடு போய் கொடியையும் பிடுங்கி, கொடி நட்டவர்களையும் ஜீப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் வள்ளக்காரன் இன்னாசியின் பெண்டாட்டி கித்தேரி, அந்தச் சிவப்புத் துணியில்தான் இன்றைக்கும் இன்னாசி வீட்டுத் தலையணைக்கு உறை போட்டிருக்கிறது.

இந்த இன்னாசியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நல்ல கடல்காரன், முன்கோபி, முடிச்சுப் போடுவதில் ஊரில் அவனை அடிக்க ஆள் கிடையாது, இன்னாசி போட்ட முடிச்சை இன்னாசியேதான் வந்து அவிழ்க்க வேண்டும் என்று ஊரே சொல்லும், அவனும் அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்வான். உலகத்தில் அவன் பயப்படுவது ஒரே ஓர் ஆளுக்கு, அது அவன் அக்கா சலேத்தம்மாளுக்கு, ஏனென்றால் அம்மா செத்தபோது அவன் பால்குடி மறக்காத பிள்ளை, இடுப்பில் தூக்கிச் சுமந்து, கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி ஆட்டி வளர்த்தவள் அவள்தான், அவனுக்கு மீசை முளைத்த பிறகும் நடுக்கடற்கரையில் வைத்துக் காதைத் திருகுகிற உரிமை அவளுக்கு இருந்தது. கட்டிக்கொடுத்த புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான், பிள்ளை கிடையாது, அப்பா விட்டுப்போன கடற்கரை வீட்டில் தனியாக இருந்து மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்து, வாரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, யார் கையையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அந்த வீட்டு வாசலில்தான் கவட்டைப்பனை நின்றது, பாதி உயரம் போனதும் இரண்டாகப் பிரிந்து இரண்டு தலையோடு நிற்கும், கடலில் எவ்வளவு தூரம் போனாலும் தெரியும். பெரிய பாரைக் கண்டுபிடிக்கும் வழியே அந்தப் பனைதான். வள்ளத்தில் நின்று கரையைப் பார்த்தால் பனையின் இரண்டு தலைக்கும் நடுவில் மாதா கோயில் கோபுரம் வந்து உட்கார வேண்டும், அதே கோட்டில் ஓடி, வடக்கே உப்பள ஓடையின் வாய் திறந்து தெரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தினால் கீழே பார். கரையில் இருக்கும் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்துக் கடலில் இடம் பிடிப்பதற்குக் கணியம் என்று பேர், சங்குமணல்காரன் பெற்ற தாயைச் சந்தேகப்பட்டாலும் கணியத்தைச் சந்தேகப்பட மாட்டான், இடம் மாறிய அடையாளத்தைப் பார்த்து வள்ளம் ஓட்டுவது அவனுக்குப் பேயைப் பார்த்து வழி கேட்பதற்குச் சமம்.

ஒரு சந்தை நாள். இன்னாசியும் மற்ற வள்ளக்காரர்களும் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு பாருக்குப் போய்க் கரையைத் திரும்பிப் பார்த்தால் கோபுரம் இருக்கிறது, பனை நின்ற இடத்தில் பனையைக் காணோம்.

"எவம்ல பனைய வெட்டுனது?" என்று இன்னாசி நடுக்கடலில் நின்று கத்தினான், மற்ற வள்ளக்காரர்களும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். குத்துமதிப்பாக ஓட்டிப்போய்த் தூண்டிலை இறக்கினால் வெறும் சேறு, கப்பலில் வேலை பார்த்தவன் கொண்டுவந்த ஜி.பி.எஸ். கருவியை முடுக்கி அது காட்டிய இடத்தில் இறக்கினாலும் அதே சேறு. பார் இருந்த இடத்தில் பார் இல்லை. வெறும் கையோடு கரைக்கு வந்து பார்த்தால் வாசலில் பனை நின்ற இடம் சாணி தெளித்த முற்றம் போல வழுவழுவென்று இருந்தது, சாயங்காலம் பஸ் வந்தது, சலேத்தக்கா காலிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள், அவளுக்குப் பின்னால் கல்லெறி தூரத்தில் கவட்டைப்பனை வந்துகொண்டிருந்தது. நாம் நடக்கும்போது நிலாவும் கூட வருமில்லையா, அந்த மாதிரித்தான், நடக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் வந்துவிடும்.

"எக்கா, பனை ஒன் கூட வருது" என்றான் இன்னாசி.

"தெரியும்ல. சந்தையில பூரா இதே பேச்சுதான். கண்டக்டர் லக்கேஜ் போடணும்னு ஒத்தக் காலுல நிக்கான். நான் என்ன கையிலயா பிடிச்சிட்டு வாரேன், அதுவா வருது, அதுகிட்ட கேளும்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அக்காவின் தொப்புள்கொடியைப் பனை மூட்டில் புதைத்திருப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள், மாதாவின் புதுமை என்று சிலர் சொன்னார்கள், பங்குச்சாமி மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டு எழுத மறந்துபோனார். ஊருக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. அக்கா ரேஷன் கடைக்குப் போனால் பனை பின்னால் வந்து யார் வீட்டு முற்றத்தில் நிற்கிறதோ அங்கே விழுகிற பனம்பழம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு பெரிய சண்டை நடந்து, விழுந்த இடத்துக்காரருக்கே என்று தலைவர் தொபியாஸ் தீர்ப்புச் சொன்ன பிறகு பழம் பழுக்கிற காலத்தில் அக்காவுக்கு வீட்டுக்கு வீடு விருந்து நடந்தது, 'மைனி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க, அவசரமில்ல, நல்லா உக்காந்து குடிங்க' என்று பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். பூசைக்கு வந்தால் மேற்குக் கதவுப் பக்கம் உட்காரச் சொன்னார்கள், அப்போதுதான் பனை நிழல் சைக்கிள்கள் மேல் விழும். கோழிகள்தான் கொஞ்சநாள் மிரண்டன, பிறகு அவையும் பழகி, பனை வருகிறது என்றால் எழுந்து வழிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டன.

ஆனால் பார் ஒன்று இருக்கிறதே. அக்கா வீட்டில் இருந்தால் பனை வாசலில், பனை வாசலில் இருந்தால் பார் அதன் இடத்தில், அக்கா தெருமுனையைத் தாண்டினால் தூண்டிலில் சேறு. ஊர் மெல்ல மெல்ல, அன்பாகத்தான், அவள் வேலையை எல்லாம் பிடுங்க ஆரம்பித்தது. கருவாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக ஆள் வந்தது. தண்ணீர்க் குடம் வாசலுக்கு வந்தது. காய்கறி வந்தது, ரேஷன் வந்தது, தலைவலி என்றால் நர்சம்மா வீடு தேடி வந்தாள், பக்கத்து ஊர்த் திருவிழாவைக் கூட யாரோ செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். 'எதுக்கு மைனி நீங்க அலையணும்' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், மகாராணி மாதிரி வைத்திருந்தார்கள், அக்காவும் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு குறைந்து, வாசலில் உட்கார்ந்து பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வழக்கம் வந்தது. அதை இன்னாசியும் பார்த்தான். பார்த்துவிட்டு வலையைத் தட்டப் போய்விட்டான், ஏனென்றால் அந்த வருஷம்தான் புது எஞ்சின் வாங்கியிருந்தான், பார் இல்லாமல் அவன் வீட்டில் உலை வைக்க முடியாது.

அப்போதுதான் ஐஸ்காரர் வந்து சேர்ந்தார். பேர் ஞானதிரவியம், தேரிக்கு அந்தப் பக்கம் புளியடிகுளத்துக்காரர், பெண்டாட்டி இறந்து வருஷக்கணக்காகிறது, ஐஸ் கம்பெனி லாரியில் தினமும் ஐஸ்கட்டி கொண்டுவந்து கரையில் இறக்குவார். பேச்சு ரொம்ப நிதானம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குள் நாம் ஒரு பீடி குடித்துவிடலாம். அவர் லாரியை அக்கா வீட்டுப் பனை நிழலில்தான் நிறுத்துவார், நிறுத்திய நன்றிக்கு ஒரு துண்டு ஐஸை உமியைக் கழுவித் தம்ளரில் போட்டுக் கொடுப்பார், அக்காவுக்கு ஐஸைக் கடித்துத் தின்பதில் சின்னப் பிள்ளை ஆசை. கடக் முடக் என்று அவள் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் கேட்டாராம்: "எங்க ஊர்ல கெணறு இருக்கு. தண்ணி இனிப்பா இருக்கும். நீங்க... வந்து பாத்ததில்லயே?" அக்கா கடிப்பதை நிறுத்தினாளாம். தம்ளரில் மிச்சம் இருந்த ஐஸ் கரைந்து தண்ணீராகிற மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கித்தேரி சன்னல் வழியாகப் பார்த்ததால் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

ஞானதிரவியம் முறைப்படி வேட்டி மாற்றிக்கொண்டு இன்னாசியிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க அக்காவ... நான் கட்டிக்கிடலாம்னு. அவங்களுக்குச் சம்மதம். ஒங்களுக்கும் சம்மதம்னா... எங்க ஊர்க் கோயில்ல வச்சுக்கிடலாம்."

இன்னாசிக்குச் சந்தோஷமும் திகிலும் ஒரே நேரத்தில் வந்தன. அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், காது மட்டும் சிவந்திருந்தது, தன் வாழ்நாளில் அக்காவின் காது சிவந்து அவன் பார்த்ததில்லை, திருகப்பட்டுச் சிவந்ததெல்லாம் அவன் காதுதான். "ஒனக்குச் சரின்னா எனக்கும் சரிதாங்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், வாசலில் பனையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

ஊர்க்கூட்டம் கூடியது. அக்காவைக் கூப்பிடவில்லை, அவளுக்கு எதற்கு வீண் மனக்கஷ்டம் என்று விட்டுவிட்டார்களாம். ஐஸ்காரரை இங்கேயே வந்து இருக்கச் சொல்லலாமே என்றார் ஒருவர். அவருக்கு அங்கே படுத்த படுக்கையாக அப்பா இருக்கிறார், ஆட்டுக் கிடை இருக்கிறது, வர முடியாது. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றார் இன்னொருவர், சொல்லி வாயை மூடுவதற்குள் கித்தேரி எழுந்துவிட்டாள்.

"நல்லா இருக்குவே ஒங்க ஞாயம்! மண்ணுக்கு வந்தவன் கயிறு கட்டுனதும் வெளக்குமாத்த எடுத்தோம். இப்ப ஒரு பொம்பளயச் சுத்தி நாமளே கயிறு கட்டுதோம், அது மட்டும் இனிக்கா?"

தலைவர் தொபியாஸ் தொண்டையைக் கனைத்தார். அவர் கெட்டவர் இல்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் தன் பிள்ளையாக நினைக்கிறவர், அதனால்தான் அவருக்கு அப்படி ஒரு யோசனை வந்தது.

"கித்தேரி சொல்லுதது சரிதாம்மா. சலேத்து போகட்டும், சந்தோசமா போகட்டும், ஊரே கூடி வழியனுப்புவோம். பனைய மட்டும் கட்டிப் போட்டுருவோம். அது ஊர்ப் பனைதான? ஆளு அங்க, பனை இங்க. யாருக்கும் நட்டமில்ல."

கூட்டத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. இன்னாசிக்குத்தான் முதலில் வந்தது. அக்காவுக்குக் கல்யாணமும் ஆச்சு, பாரும் நிற்கும், இப்படி ஒரு வழி இருக்கும்போது இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோமே என்று நினைத்தான். கட்டுவது யார் என்று கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்குப் புறப்படுகிற அன்றைக்கு, அக்கா கித்தேரி வீட்டில் இருந்து சேலை கட்டிக்கொண்டிருந்த வேளையில், வீடு அடுத்த வீடுதான், பனை அசையவில்லை, வள்ளம் இழுக்கிற வடத்தைக் கொண்டுவந்து அடிமரத்தில் சுற்றி, மறுமுனையைக் கரையில் புதைந்து கிடக்கிற பழைய கப்பல் நங்கூரத்தில் மாட்டி, இன்னாசி தன் ஆயுளிலேயே நல்ல முடிச்சைப் போட்டான்.

புறப்படுகிற நேரம் வந்தது. ஐஸ் லாரியைக் கழுவிப் பூமாலை போட்டிருந்தார்கள், உள்ளே ஐஸுக்குப் பதில் சீர் சாமான், அண்டா, குத்துவிளக்கு, அக்காவின் கருவாட்டுப் பெட்டி. மாப்பிள்ளை லாரியோடு ஊர் எல்லையில் சிலுவை நட்ட குருசடிக்கு அப்பால் நின்றார், பெண் அதுவரை நடந்து வந்து, குருசடியில் மெழுகுதிரி ஏற்றி, அதற்கப்புறம்தான் வண்டியில் ஏற வேண்டும், அது சங்குமணல் வழக்கம். பாண்டு மேளம் முழங்க, அக்கா பட்டுச்சேலையில், கித்தேரி கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பனை பின்னால் வராததை முதலில் அவள் கவனிக்கவில்லை. குருசடியில் திரி ஏற்றினாள். அடுத்த அடி எடுத்து வைத்தாள், கால் போகவில்லை.

இன்னொரு தடவை எடுத்து வைத்தாள். காற்றுக்கு எதிரே நடக்கிறவள் மாதிரி உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் மணலில் புதைந்து நின்றது. மேளம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. ஐஸ்காரர் ஓடிவந்து கையைக் கொடுத்தார், பிடித்து இழுத்துப் பார்த்தார், அக்கா வலி தாங்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் வேர்த்து ஊற்றியது. சுற்றிலும் பார்த்து, கூட்டத்தில் தம்பியைத் தேடிப் பிடித்து, சின்ன வயதில் அவன் காய்ச்சலில் கிடந்து அவளைக் கேட்பானே, அதே குரலில் கேட்டாள்:

"ஏல இன்னாசி, எனக்கு என்னமோ பண்ணுதுல. இடுப்புல யாரோ கட்டிப்போட்ட மாதிரி இருக்குல. பாருல தம்பி, என்னன்னு பாரு."

ஊர் முழுக்கத் தரையைப் பார்த்தது. தொபியாஸ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னாசி ஓடினான். வீட்டு வாசலில் பனை கிழக்கும் மேற்குமாக இழுபட்டு, வடம் வீணை நரம்பு போல விறைத்து, அடிமரத்தில் பதிந்து, பட்டை கிழிந்து நின்றது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அசையவில்லை, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இடுப்புக் கத்தியை உருவினான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கண் கடல் பக்கம் போனது, பெரிய பார் இருக்கிற திசைக்குப் போனது, பொய் சொல்ல வேண்டாம், போனது. அப்புறம் வடத்தை வெட்டினான். பனை அவனைத் தாண்டிப் போனது. வெட்டுப்பட்ட வடத்துண்டு வால் மாதிரித் தொங்க, அவன் முடிச்சை அடிமரத்தில் கட்டிக்கொண்டே போனது.

அவன் குருசடிக்குத் திரும்பி வந்தபோது அக்கா எழுந்து நின்றிருந்தாள். பனையைப் பார்த்தாள், அதில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள். அது யார் முடிச்சு என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமா? லாரியில் ஏறி உட்கார்ந்தாள், லாரி தேரி மேட்டில் ஏறியது, பனை பின்னால் ஏறியது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் சங்குமணலுக்கு வறட்சி. வள்ளங்கள் போயின, வந்தன, சாளையும் காரலும் கொஞ்சம் கிடைத்தது, பார் மீன் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும் போலிருந்தது. யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும், 'புள்ள போன எடத்துல நல்லா இருக்கட்டும்' என்றுதான் தொபியாஸே சொன்னார். கித்தேரி மட்டும் புளியடிகுளத்துக்குப் போய்வந்தாள். "எப்படி இருக்கா?" என்று இன்னாசி கேட்டால், "கெணத்துத் தண்ணி குடிச்சு நெறமாயிட்டாவ" என்பாள். "என்னப் பத்தி?" என்றால் பாத்திரத்தை உருட்டுவாள். தனக்குக் கிடைப்பதில் நல்ல மீனாக ஒன்றைப் பையில் போட்டு ஐஸ் லாரியில் அவன் கொடுத்துவிடுவான், பை மறுநாள் கழுவிக் காயவைத்து மடித்துத் திரும்பி வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. அவனுக்குப் போக முகமில்லை. குருசடியைத் தாண்ட அவன் காலும் வரவில்லை.

ஒருநாள் கடலில், தூண்டிலில் ஒன்றும் கடிக்காத மத்தியான வெயிலில், அவன் சும்மா கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனுக்காக இல்லை. தேரி மேட்டுக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், மாதா கோயில் கோபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கட்டைவிரல் அளவுக்கு அந்த இரட்டைத் தலை தெரிந்தது. அக்கா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், ஆட்டுக்குக் குழை போடுவாளா, மாமனாருக்குக் கஞ்சி கொடுப்பாளா என்று நினைத்துக்கொண்டே அவன் கை எஞ்சினைத் திருப்பியது, வள்ளம் வடக்கே நகர நகர பனை கோபுரத்தை நெருங்கி நெருங்கி வந்தது, கோபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை, நடுவில் மாதா, அப்பா காலத்தில் இருந்த அதே மாதிரி. அந்தக் கோட்டிலேயே, உப்பள ஓடையின் வாய் திறக்கிற மட்டும், சும்மா ஓட்டினான். அக்காவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதான். அழுதுகொண்டே தூண்டிலைப் போட்டான்.

ஈயக்குண்டு கல்லில் மோதியது.

பார் எங்கேயும் தொலைந்துபோகவில்லை ஐயா. பனை நகர நகர பாரும் நகர்ந்து போய் அங்கே உட்கார்ந்திருந்தது, இத்தனை காலமும் அக்கா எங்கே போனாலும் அதுவும் கணியத்தோடேயே நகர்ந்திருக்கிறது, இடம் மாறிய அடையாளத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டோம் என்கிற வீம்பில் ஒரு பயலும் கோட்டைப் பிடித்து ஓட்டிப் பார்க்கவில்லை. அவளைக் கட்டிப்போட்டிருக்கவே வேண்டாம். சந்தைக்குப் போகவிட்டிருக்கலாம், பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகவிட்டிருக்கலாம், ஊரெல்லாம் சுற்றவிட்டிருக்கலாம். இன்னாசி விளமீனை இழுத்து இழுத்து வள்ளத்தில் போட்டான், ஒவ்வொரு மீனுக்கும் தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டான்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. விடிந்ததும் வள்ளக்காரர்கள் கடலில் நின்று மேற்கே பார்ப்பார்கள், பனை தேரிக்குப் பின்னால் நின்றால் 'வீட்டுலதான் இருக்கா' என்பார்கள், வடக்கே நகர்ந்திருந்தால் 'இன்னைக்குச் சந்தை' என்று கோட்டைத் தேடி ஓடுவார்கள், ஒரேயடியாக விலகியிருந்தால் 'மாமனார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கா போல, மாதாவே, ஒண்ணும் ஆகிடக்கூடாது' என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஆளைப் பார்க்காமலேயே அவள் இருக்கிற இருப்பு ஊருக்கே தெரிந்திருந்தது. பனை ஒரு பக்கம் மட்டும் வரவே இல்லை, அது ஊர்ப் பக்கம்.

மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றின அன்றைக்கு இன்னாசி பாரின் மேல் நின்றான், மீன் என்றால் அப்படி ஒரு மீன், கூட வந்த லாசர் கை வலிக்கிறது என்று கத்துகிற அளவுக்கு மீன். திடீரென்று கடி நின்றது. தூண்டில் சேற்றில் இறங்கியது. இன்னாசி தலையைத் தூக்கினான். பனை தேரி மேட்டில் ஏறி, இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கணியம் மாறுதுண்ணே, பார் கரைப் பக்கமா ஓடுது, நாமளும் பின்னாலயே போனா அள்ளிப்புடலாம்" என்றான் லாசர்.

"மீன் கெடக்கட்டும்ல" என்றான் இன்னாசி, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே. "வள்ளத்தத் திருப்பு. கரைக்கு விடு."

வள்ளம் மணலில் முட்டுவதற்கு முன்பே குதித்து, இடுப்பளவு தண்ணீரில் ஓடி, ஈர வேட்டியோடு தெருவெல்லாம் மணல் வாரி இறைக்க குருசடிக்குப் போய்ச் சேர்ந்தான். ஐஸ் லாரி தூரத்தில் நின்றது. அக்கா குருசடிக்கு அந்தப் பக்கம் நின்றாள், ஆள் கொஞ்சம் நிறமாகத்தான் இருந்தாள், பின்னால் பனை.

"மீன் படுத நேரத்துல எதுக்குல கரைக்கு வந்த?" என்று கேட்டாள்.

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு குருசடிக்கு இந்தப் பக்கமே நின்றான்.

"ஒன் முடிச்சு இன்னும் அதுலதான் கெடக்கு" என்றாள் அக்கா. "கத்தியக் கொண்டு அறுத்துப் பாத்தாச்சு, கத்தி மழுங்குது. அவுகளும் எவ்வளவோ பாத்தாவ. இத்தன மாசமா இடுப்பச் சுத்தி இறுக்கம், முழுசா ஒரு மூச்சு விட முடியல, நல்லா ஒறங்க முடியல. போறதா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு, செரி, போட்டவன்தான அவுக்கணும்னு வந்துட்டேன். வா. வந்து அவுத்து விடு."

இன்னாசி குருசடியைத் தாண்டிப் போய் பனை மூட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். வெயிலிலும் பனியிலும் கிடந்து முடிச்சு கல்லாகியிருந்தது. விரலால் பார்த்தான், பல்லால் கடித்தான், கண்ணீரும் மூக்குமாக வழிந்து கயிறு நனைந்து, நனைந்த பிறகு ஒரு இழை இளகியது, அப்புறம் இன்னொன்று, அக்கா பக்கத்தில் நின்று அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று கழன்று கயிறு மணலில் விழுந்தபோது அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக விட்டாள்.

பிறகு குனிந்து அவன் காதைப் பிடித்து, நடுச்சாலையில், பனை வருவதைக் கண்டு ஓடிவந்து நின்ற ஊரே பார்க்க, நன்றாகத் திருகினாள்.

"போதும்ல அழுதது. எந்திரி, போய் மீனப் பாரு. திருவிழா முடியுத மட்டும் நான் இங்கதான் இருப்பேன்."